பதினொரு வரி

பதினொரு வரிக்கு மேல் வேண்டாம் என்றார்
கோவை டெஸ்கில் சென்னியப்பன்.
சாயப்பட்டறைக் கூரையில் ஷீட் மாற்றப் போய்
விழுந்தவனுக்குப் பதினொரு வரி.
பக்கத்தில் நகைக் கண்காட்சி,
கலரில், அரைப் பக்கம்.

நான் அனுப்பியது பத்தொன்பது.
வெட்டிய எட்டோடு போனவை:
அவன் ஒற்றைச் செருப்போடு கிடந்தான் என்பது,
மற்றது மேலே தகர விளிம்பில்
கோயிலுக்குள் போகிறவன் விட்டதுபோல்
நேராக இருந்தது என்பது,
கம்பெனியின் பெயர்.

எங்கள் பேப்பரில் அதற்குத்
'தனியார் நிறுவனம்' என்று பெயர்.
திருப்பூரிலேயே பெரிய கம்பெனி அதுதான்.
எல்லா விபத்தும் அங்கேதான் நடக்கிறது.

எனக்கும் பீஸ் ரேட்தான்.
அச்சான செய்திக்கு இவ்வளவு, படத்துக்கு இவ்வளவு,
வராததற்கு ஒன்றுமில்லை, பெட்ரோல் என் கணக்கு.
அறைத்தோழி நாகமணி செக்கிங்கில் இருக்கிறாள்.
நாள் முழுக்கப் பனியன்களைப் புரட்டி
ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல்
கண்ட இடத்தில் சிவப்பு அம்பு ஒட்டுவாள்.
"தப்பு வெளிய போச்சுன்னா எங்க லைனே நிக்கோணும்.
உங்குளுக்கு யாரு செக்கிங்?" என்றாள் ஒருநாள்
பல் விளக்கிக்கொண்டே.
நான் பதில் சொல்வதற்குள் குழாயில் தண்ணீர் நின்றது.
இரண்டு பேரும் குடம் தேடினோம்.

மூன்றாம் நாள்,
நான் உட்கார்ந்து செய்தி அனுப்பும் பேக்கரிக்கு
ஒருவன் வந்தான்.
கையில் நாலாய் மடித்த பேப்பர்.
"ராஜன் இல்லீங், நிரஞ்சன்ங்.
நிரஞ்சன் பெஹரா. ஒடிசாங்."
தமிழை இங்கேதான் கற்றிருக்கிறான்,
ஓவர்லாக் மெஷின் சத்தத்துக்கு நடுவில்.
வார்த்தைக்கு வார்த்தை 'ங்' போட்டான்
டீ மாஸ்டருக்கும், எனக்கும், செத்தவனுக்கும்.

சூப்பர்வைசர் சொன்னார், நான் எழுதினேன்.
எழுத்துக் கூட்டிக் கேட்க இருபது நொடி ஆகியிருக்கும்.
நான் அப்போது செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
நல்ல வரி கிடைத்துவிட்டதென்று
உள்ளே ஒருத்தி சந்தோஷப்பட்டாள்.
அதை இங்கே எழுதிவிடுகிறேன்,
இதற்கு டெஸ்க் இல்லை.

இன்ஷூரன்ஸுக்கா என்றேன்.
இல்லீங்.
அவர் அம்மாவுக்கு அனுப்பவா?
"அந்தம்மாவுக்குப் படிக்கவே தெரியாதுங்.
இதுல தமிழ் எங்கீங்.
ஆனாலும் பேரு சரியா இருக்கோணும்ங்."

திருத்தம் போடலாமா என்று போனில் கேட்டேன்.
போட்டா மறுபடி எல்லாம் கெளம்பும், உடு கண்ணு
என்றார் சென்னியப்பன்.
அவர் கெட்டவரில்லை. அன்று அவர் தலையில்
எட்டுப் பக்கம்.

வெளியே சனிக்கிழமைச் சம்பளம் இறங்கியிருந்தது.
பிளாட்பாரத்தில் ஏற்றுமதியில் கழிந்த சட்டைகள்,
மார்பில் எங்கெங்கோ உள்ள கடற்கரைகளின் பெயர்.
அதில் ஒரு கடற்கரையை மாட்டிக்கொண்டு
ஒருவர் கொத்தமல்லி விற்றார்.
நொய்யலின் நிறத்தைப் பார்த்து
எந்த தேசத்து ஆர்டர் என்று சொல்லிவிடலாம் என்பது
ஊரின் பழைய கிண்டல்.
பாலத்தைக் கடந்தபோது இருட்டு.
நாற்றம் மட்டும் இருந்தது,
அது எந்த தேசத்துடையதும் இல்லை.

இரவு நாகமணியின் பையிலிருந்து ஓர் அம்பு எடுத்தேன்.
காலையில் பேக்கரியின் பழைய பேப்பர் கட்டில்
அந்தத் தேதியைத் தேடி
ராஜன் மேல் ஒட்டினேன்.
ஓரத்தில் பேனாவால் சரியான பெயர்.
ஒரே ஒரு பிரதி.
மத்தியானத்துக்குள் அதில்
யாருக்கோ முட்டை பப்ஸ் கட்டிப் போயிருக்கும்.

பத்து மணிக்குப் போன்.
பல்லடம் ரோட்டில் லாரி, பைக்.
பேரு என்ன என்றேன்.
"எந்தப் பேருங்? வண்டிப் பேரா, ஆளு பேரா?"
ஆளு பேரு. ஒவ்வொரு எழுத்தாச் சொல்லுங்க.

மறுமுனையில் யாரையோ கூப்பிட்டுக் கேட்கிறார்கள்.
ஹாரன் சத்தம்.
லைனில் இருக்கிறேன்.