ஈரத்தில் ஒட்டாது

முதலில் துடைக்க வேண்டும்.
பிறகு உலர்த்த வேண்டும்.
பிறகு மறுபடியும் துடைக்க வேண்டும்.

டிசம்பரில் சின் மிங் டிரைவில் சுவரே வியர்க்கிறது.
ஈரம் உறிஞ்சும் பெட்டி இரவெல்லாம் முனகி
காலையில் மூன்று லிட்டர் தண்ணீர் வைத்திருக்கிறது.
கொட்டிவிட்டு வந்து விளக்கைப் போடுகிறேன்.

மேசையில் தவசீலன், ஐம்பத்து நான்கு வயது.
தீவு விரைவுச்சாலை, மோட்டார் சைக்கிள், மழை.
வலப்பக்கமாகச் சறுக்கியிருக்கிறார்.
கன்னத்திலிருந்து தாடைவரை தோல்
ஓரம் தூக்கிய தபால்தலை.

உயிருள்ள தோலுக்கு நான் வேண்டியதில்லை.
அது தானே ஓடிவந்து தன்னைப் பிடித்துக்கொள்ளும்,
பொருக்குக் கட்டும், அரிக்கும்,
சொறியாதே என்று யாராவது கையில் அடிப்பார்கள்.
இது
வைத்த இடத்தில் இருக்கும்.
வைக்காவிட்டால் வைக்காத இடத்தில்.

கண்மருந்துக் குப்பி அளவுதான் பசைக் குப்பி.
விளிம்புக்கு அடியில் ஒரு கோடு இழுத்து
பஞ்சுக்குச்சியால் அழுத்தி இருபதுவரை எண்ணுகிறேன்.
பெக் லிங் ஹொக்கியனில் எண்ணுவாள்,
அவள் இருபது என்னுடைய பதினைந்தில் முடிந்துவிடும்.
பசை ஏமாறாது என்று சண்டை போடுவோம்.

தோல் போதாத இடத்தில் மெழுகு.
அதன்மேல் ஆரஞ்சுத் தோலால் ஒத்தி எடுத்தால்
மயிர்க்கால் துளைகள் வந்துவிடும்.
பழத்தை நான் சாப்பிடுவேன்,
வெளியே போய், கை கழுவிக்கொண்டு.

பன்னிரண்டு மணிக்கு அக்காள் வந்தார்,
அமிர்தவல்லி, உட்லண்ட்ஸிலிருந்து.
படிவத்தில் ‘உறவு’ என்ற கட்டத்தின் மேல்
பேனா ரொம்ப நேரம் நின்றது.
“பதினோரு வருஷம்
ஒட்டுமில்லை உறவுமில்லைன்னு இருந்தோம்”
என்றார், பேனாவிடம்.
அம்மாவின் வீட்டை விற்ற பணம்.
நான் கேட்கவில்லை.

உள்ளே அழைத்துப்போய்த் துணியை விலக்கினேன்.
நல்ல வேலை. எனக்குத் தெரியும்.
விளக்கைச் சாய்த்துப் பார்த்தாலும் விளிம்பு தெரியாது.

“இது அவன் இல்லை.”

தன் தாடையில் விரலை வைத்தார்.
“இங்கே ஒரு தழும்பு இருக்கும்.
மைலோ டின் மூடி. நான்தான் வீசினேன்.
அவனுக்கு ஏழு, எனக்குப் பத்து.
புக்கிட் ஹோ ஸ்வீ, ஒன்பதாம் மாடி.”

நண்பர்கள் அனுப்பிய படத்தில் தழும்பு இல்லை,
கைப்பேசி அழகுபடுத்தி விழுங்கியிருந்தது.
மீதியைச் சாலை தேய்த்து எடுத்திருந்தது.
இப்போது அது இருந்த ஒரே இடம்
அந்த விரல் நுனி.

எவ்வளவு நீளம்?
சுண்டுவிரல் நகத்தைக் காட்டினார்.
நேராகவா?
இல்லை, கீழே வளையும். காற்புள்ளி மாதிரி.
மேடா, பள்ளமா?
அதற்கு யோசித்தார்.
“தொட்டதில்லை.”

பதினாறு வருஷமாக மூடிக்கொண்டிருந்தவன்
மெழுகில் ஒரு காயத்தைத் திறந்தேன்.
இரு பக்கமும் கிள்ளி நடுவே ஒரு சொட்டு.
ஒன்று, இரண்டு.
அவரும் எண்ணத் தொடங்கினார்.
பதின்மூன்றில் நிறுத்திவிட்டார்.
நான் நிறுத்தவில்லை, பாதியில் விட்டால் பிரிந்துவிடும்.
குனிந்து, இன்னும் குனிந்து,
அவர் முகம் என் கைக்கு மேலே வந்தபோது
“கொஞ்சம் தள்ளி நில்லுங்கள்” என்றேன்,
“ஈரம் பட்டால் ஒட்டாது.”

தள்ளி நின்றார்.
மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டார்:
“எப்பத் தொடலாம்?”
“ஐந்து நிமிடம்.”
கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

மூன்று மணிக்கு வண்டி மண்டாய்க்குக் கிளம்பியது.
பூட்டப் போனால்
கதவு என் விரலை ஏற்க மறுத்தது.
இரண்டு முறை சிவப்பு, மூன்றாவது முறையும்.
கையுறை எங்கோ கிழிந்திருக்கிறது.
சுரண்டினேன்.
கண்ணாடிச் சருகுபோல ஒரு துணுக்கு வந்தது,
என் ரேகையோடு.
ஊதித் தள்ளிவிட்டு
பெக் லிங்கைக் கூப்பிட்டேன்.