வழக்குப்பொருள் ஆறு

ஹட்டன் நீதிமன்றில் நான் உரைபெயர்ப்பாளன்.
மேடையின் சிங்களத்தைக் கூண்டுக்குத் தமிழாகவும்
கூண்டின் தமிழை மேடைக்குச் சிங்களமாகவும்
காலை ஒன்பதிலிருந்து கடத்துபவன்.

அன்று மேசைமேல் நனைந்த உரச்சாக்கு.
அவிழ்த்ததும் உருண்டன
முழங்கை நீளத்தில் பதினொரு துண்டுகள்,
என் மணிக்கட்டை விடத் தடிப்பு.
கூடவே ஒரு கவ்வாத்துக் கத்தி.

"வெனிவெல்" என்றார் வன அதிகாரி.
"மரமஞ்சள்" என்றேன் நான்.
கூண்டில் நின்ற மருதை சிவபாக்கியம்
இரண்டுக்கும் தலையாட்டினாள்.

அவர் விபரிக்கத் தொடங்கினார்,
நான் பின்னாலேயே ஓடினேன்.

புறப்பட்டை சாம்பல் கலந்த மஞ்சள்,
விரலால் அழுத்தினால் தக்கைபோல் மெத்தும்.
பற்றுக்கம்பி கிடையாது, முள் கிடையாது.
உடம்பையே முறுக்கிக்கொண்டு
அடுத்தவன் மரத்தில் ஏறி
உச்சியில்தான் வெயிலைப் பார்க்கும்.

இலையை ஒரு பழைய பத்திரிகைக்குள்ளிருந்து எடுத்தார்.
இரண்டு கை சேர்த்து விரித்த அகலம்.
மேலே எண்ணெய் தேய்த்த மினுக்கம்,
திருப்பினால் நரைமயிர்.
காம்பு விளிம்பில் ஒட்டவில்லை,
கொஞ்சம் உள்ளே தள்ளி
அடிவயிற்றில் குடைக்காம்புபோல் செருகியிருந்தது.
அங்கிருந்து நரம்புகள் ஐந்தோ ஏழோ
விரல்விட்டுப் பிரிந்தன.
காம்பின் இரு முனையிலும் ஒவ்வொரு வீக்கம்,
இலை வெளிச்சத்துக்குத் திரும்ப
அங்கேதான் மடங்கும் என்றார்.
"மொழி" என்றேன்.
தமிழில் மூட்டுக்கும் அதுதான் பேர்.
தமிழ் தெரிந்த தட்டெழுத்தர்
ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார்.

பூ? இலையுள்ள இளந்தண்டில் இல்லை.
இலை கழன்ற கிழட்டுத் தண்டில்
சின்னச் சின்ன உருண்டைகளாக.
ஆண்கொடி வேறு, பெண்கொடி வேறு.
"இது எது?" என்றார் நீதவான்.
"தண்டை மட்டும் வைத்துச் சொல்ல இயலாது, கனம் ஐயா."

பிறகு ஒரு துண்டின் வெட்டுமுகத்தை
ஜன்னல் பக்கம் திருப்பினார்.

சக்கரம்.
நடுவிலிருந்து ஓடும் ஆரங்கள்,
ஆரத்துக்கு ஆரம் இடையில்
ஊசிக்கண்களாய்த் துளைகள்.
மஞ்சள்.
தாலிக்கயிற்றின் மஞ்சளல்ல,
காமாலைக் கண்ணின் மஞ்சள்.

"வயது?"
"மற்ற மரம்போல் வளையம் எண்ண முடியாது.
மெல்ல வளர்வது.
இந்தத் தடிப்புக்கு
பதினைந்து இருபது வருடமாவது."

வட்டவளைப் பக்கத்து மழை
கூரைத் தகரத்தில் இறங்கிக்கொண்டிருந்தது.
யாரும் கேட்காமலே சிவபாக்கியம் பேசினாள்:
"ஊதிப் பாக்கச் சொல்லுங்க.
இந்தப் பக்கம் ஊதினா
அந்தப் பக்கம் காத்து வரணும்.
வந்தாத்தான் மருந்து.
வராத கொடிய நான் வெட்டவே இல்ல."

அதுவரை அவள்
வெட்டியதாக ஒப்புக்கொண்டிருக்கவில்லை.
அவளுடைய சட்டத்தரணி
கைப்பேசியில் குனிந்திருந்தார்.

எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள்.
விட்டுவிடலாம் ஒரு சொல்லை.
"வராத கொடி நல்லதல்ல" என்று
வழுக்கிப் போயிருக்கலாம்.
இருபத்திரண்டு வருடத்தில் ஒருநாளும் அடைத்ததில்லை;
அந்த முனையில் நுழைந்தது
இந்த முனையில் வந்தது.

அதிகாரி தண்டை எடுத்தார்.
உதட்டில் வைக்கப் போகிறார் என்று நினைத்தேன்.
இலக்கச்சீட்டைச் சரிபார்த்துக் கீழே வைத்தார்.

தண்டம் விதித்தார்கள், தவணை கொடுத்தார்கள்.
எதற்கு வெட்டினாய் என்று
கடைசிவரை கேள்வி வரவில்லை.
கேள்வி வராததை
நான் எந்த மொழியில் பெயர்ப்பது?
இறங்கும்போது பார்த்தேன்,
இடது காலில் துணி சுற்றியிருந்தாள்,
துணியும் மஞ்சள்.

சாக்கைக் கட்ட நான்தான் பியோனுக்கு உதவினேன்.
சோற்றுப் பொதி அவிழ்த்தபோது
முதல் கவளமே கசந்தது.
சவர்க்காரம் போட்டு மூன்று தரம் கழுவினேன்.
குறிப்பேட்டில் அன்றைய பக்கத்தில்
என் பெருவிரல் பட்ட இடம்
இன்னும் அப்படியே இருக்கிறது,
ரேகை ரேகையாக,
எண்ண முடியாமல்.