முப்பத்திரண்டு கிலோ

பிரெஸ்னோ மேட்டுச் சாலையில்
எஞ்சின் தன்பாட்டுக்குக் கத்தியது,
சக்கரம் தன்பாட்டுக்கு நின்றது,
நடுவில் கருகல் வாடை.
பட்டறைக்காரன் சொன்ன தொகை
வண்டியின் விலையைவிட அறுபது யூரோ அதிகம்.
அதனால் சனிக்கிழமை
வால்நட் மரத்தடியில்
ஸ்கோடாவின் மூக்கைத் தூக்கி நிறுத்தி
பழைய கம்பளம் ஒன்றை விரித்து
மல்லாந்தபடி உள்ளே போனேன்.

திங்கள் விடியுமுன் மூன்றரைக்கு
ரொட்டிக் கூடைகள் வாசலில் நிற்கும்.
ரொட்டிக்கு யார் கிளட்சைப் பற்றியும் கவலையில்லை.

பேட்டரி. ஸ்டார்ட்டர். பிறகு ஆயில்:
கருந்தேன் நிறம், பூண்டு அழுகிய நாற்றம்.
ஆக்சில்களில் ஒன்று சொன்னதும் வந்தது,
மற்றது சுத்தியல் சொன்னபிறகு.
போல்ட்டுகளை முட்டை அட்டையில் குழி குழியாக வைத்து
எது எங்கே என்று எழுதினேன்.
மேலே ஒளிந்திருந்த கடைசி போல்ட்டைக்
கண் பார்க்கவே இல்லை.
விரல்தான் பார்த்தது.

எஞ்சினுக்கு விறகுக்கட்டை முட்டு.
கியர்பாக்ஸுக்கு ஒரு ஜாக்கி,
போதும் என்று நினைத்தேன்.

அசைத்தேன். வரவில்லை.
அசைத்தேன். நகக்கண் அளவு வந்தது.
திட்டினேன். முழுதாக வந்தது,
ஜாக்கியை விட்டுச் சறுக்கி
என் நெஞ்சின்மேல்.

முதலில் வலி இல்லை, குளிர்தான்.
மூச்சை இழுத்தால் அது ஏறியது,
விட்டால் இறங்கியது,
ஏறியதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே இறங்கியது.
போன் பானெட்டின் மேல்.
அதற்குள் ஒருத்தி
இந்த வேலை ஒரே ஆளால் முடியும் என்று
இன்னும் விளக்கிக்கொண்டிருந்தாள்.

வேலிக்கு அப்பால் வாளி வைக்கும் சத்தம்.
வெண்டெலீன்.
பேச்சு நின்று இரண்டு வருஷம்.
என் மரத்து இலை அவன் கூரைத் தூம்பை அடைக்கிறதாம்,
நகராட்சிக்கு எழுதினான்.
நானும் எழுதினேன், அவன் சேவலைப் பற்றி.

நான்கு மூச்சு யோசித்தேன்.
ஐந்தாவது மூச்சு பெரிதாக இல்லை.

‘வெண்டெலீன்!’
வாளி நின்றது.
‘என்ன, இலையைப் பொறுக்கவா?’
‘இல்லை. கியர்பாக்ஸ்.’

வேலியைத் தாண்டவில்லை அவன்.
தெருவைச் சுற்றி, கதவைத் திறந்து,
மறுபடி ஒழுங்காகச் சாத்திவிட்டு வந்தான்.
பச்சை ரப்பர் பூட்ஸ் இரண்டு,
அப்புறம் முழங்கால்,
அப்புறம் தலைகீழாக ஒரு முகம்.
‘மூன்று சொன்னதும்’ என்றான்.
இரண்டிலேயே தூக்கிவிட்டான்.

நான் இருமி முடிக்கும்வரை
பழைய கிளட்ச் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
‘ரிவெட் தெரிகிறது.
பெடல்மேலேயே காலை வைத்திருப்பாய்.’
‘மேட்டில் நிற்க வேண்டாமா?’
‘கை பிரேக் எதற்கு இருக்கிறது, ட்ரஹோஸ்லவா,
துணி காயப்போடவா?’
என்னைவிட நான்கு மாதம் சின்னவன்.
பதில் தோன்றவில்லை. விலா வலித்தது.

துடைப்பக் கட்டையில் டேப் சுற்றிச் சுற்றிப்
புதுத் தட்டின் நடுவைப் பிடித்தோம்.
பிறகு தூக்கினோம். நுழையவில்லை.
இறக்கினோம். தூக்கினோம்.
பல்லுக்குப் பல் ஒரு மயிரிழை தள்ளி நின்றது.
இருட்டியது. பனி தூற ஆரம்பித்தது.
அவன் நெற்றி விளக்கு என் கண்ணில் அடித்தது,
என் முழங்கை அவன் காதில் இடித்தது.
‘கொஞ்சம் திருப்பு.’
‘எந்தப் பக்கம்?’
‘தெரியாது. திருப்பு.’

டொக்.

அந்தச் சத்தத்துக்குப்பின்
இருவரும் கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தோம்,
கைகள் மேலே,
இனி பிடிக்கத் தேவையில்லாததைப் பிடித்தபடி.

ஞாயிறு முழுக்க மீதியை நான் முறுக்கினேன்.
திங்கள் மூன்று இருபதுக்கு
முதல் கியர் வெண்ணெயில் கத்திபோல் விழுந்தது.
அவன் சமையலறையில் விளக்கு எரிந்தது.
சேவல் கூவியது, நேரம் கெட்ட நேரத்தில்.

பக்கத்து இருக்கையில் முட்டை அட்டை.
அதில் ஒரு போல்ட் மட்டும் உருண்டு
வளைவுக்கு வளைவு கடகடத்தது.
குழியில் என் கையெழுத்து: ‘மேலே’.
இத்தனை போல்ட்டில் ஒன்று. தாங்கும், ஒரு வாரம்.

சனிக்கிழமை ஏணியோடு அவன் வீட்டுக்குப் போக வேண்டும்,
தூம்பில் இலை அள்ள.
பையில் இந்த போல்ட்டும் இருக்கும்.