சர்க்கரை பார்ப்பவள்

காவேரிப்பட்டணம் தாண்டி
போச்சம்பள்ளி ரோட்டில் மாங்கூழ் ஆலை.
அங்கே என் வேலை
சர்க்கரை பார்ப்பது.

லாரிக்குப் பத்துப் பழம்.
அறுத்துப் பிழிந்து ஒரே ஒரு சொட்டு
கண்ணாடியில் விட்டு மூடி
வெளிச்சத்தை நோக்கிப் பிடித்தால்
நீலமும் வெள்ளையும் பிரிகிற கோட்டில்
நிற்கும் எண்.
பிரிக்ஸ் என்று பெயர்.
பெங்களூரா பதினாலு காட்டினால் லாரி உள்ளே போகும்.
பன்னிரண்டுக்குக் கீழே போனால்
பழத்தைப் புளிக்க வைத்தவளே நான்தான் என்பதுபோல்
டிரைவர் பார்ப்பான்.

சந்தூர் திம்மராயன்
தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு
நின்றார் ஒருநாள்.
"ஒரு புள்ளி கூட்டிப் போடு தாயி.
மருந்தடிச்ச கடனே இன்னும் நிக்குது."
எண்ணை நான் போடுவதில்லைங்க,
பழம் போடுகிறது என்றேன்.
எல்லாரிடமும் சொல்வதுதான்.

ஆகஸ்டில் ஆலை நீராவி அடங்கியதும்
சுகாதார நிலையத்துக்குப் போனேன்.
கால் எரிச்சல், ராத்திரி நாலு தடவை எழுந்திருப்பது.
இரண்டு நாள் வாயைக் கட்டிவிட்டுத்தான் போனேன்,
பரீட்சைக்குப் போகிறவள் மாதிரி.

நர்ஸ் எஸ்தர் சீட்டைத் திருப்பிக் காட்டினாள்.
ஒன்பது புள்ளி ஒன்று.
"இது நேத்து முந்தாநாள் கணக்கில்லக்கா,
மூணு மாசத்துக் கணக்கு."

மூன்று மாதம்.
மே, ஜூன், ஜூலை.
வந்து இறங்கிய அத்தனை லாரியும் அதில் இருந்தது.
அறுத்த பழத்தின் மிச்சத்தை வீசியெறிய மனம் வராமல்
கொட்டையோடு சப்பியது,
நைட் ஷிப்டில் இரண்டு மணிக்கு
கேண்டீனில் மலையாய்க் குவித்த வெள்ளைச் சோறு,
தூக்கம் போக்க அஞ்சு டீ,
ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி.
யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தேன்.
ரத்தம் வரவு வைத்துக்கொண்டே இருந்திருக்கிறது.

"கொஞ்சம் குறைச்சுப் போட முடியுமா?"
சிரிப்புக்காகத்தான் கேட்டேன்.
எஸ்தர் சிரிக்கவில்லை.

மீட்டர் வாங்கினேன்.
ஆலைப் பதிவேடு மாதிரியே ஒரு நோட்டு:
தேதி, ரகம், எண்.

அரிசிச் சோறு, சாம்பார், இரண்டு மணி நேரம் கழித்து 262.

களி ஒன்றும் பண்ணாது என்றார்கள்.
கைக்கு அடங்காத இரண்டு உருண்டை, 231.

அதே மாவு, ஒரே உருண்டை,
அதற்கு முன்னால் ஒரு கிண்ணம் அவரைக்காய்,
கொள்ளுக் கடைசல் தாராளமாய்,
தின்றபின் பஸ் ஸ்டாண்டு வரை நடந்து திரும்பியது. 174.

அதே மாவைக் கூழாய்க் கரைத்துக் குடித்த அன்று
மறுபடி ஏறியது. ஏன் என்று எஸ்தரைக் கேட்க வேண்டும்.

மாத்திரை மறந்த நாள். அடித்திருக்கிறேன்,
படிக்க முடியாது.

மாங்காய் நாலு கீற்று, உப்பு, மிளகாய்த்தூள்:
எழுதவில்லை.

"கேவுரு தின்னா சுகரே வராது,
எங்கப்பாருக்கு வந்துச்சா?" என்கிறார் வீட்டுக்காரர்
மூன்றாவது உருண்டையைக் குழம்பில் உருட்டியபடி.
உங்கப்பாருக்கு யார் பார்த்தது
என்று கேட்டேன்.
கை ஒரு நொடி நின்றது.
பிறகு அந்த உருண்டையும் உள்ளே போனது.

இன்று நவம்பர். விடியவில்லை.
அடுப்பு இன்னும் பற்றவைக்கவில்லை.
விரல் நுனியில் ஊசி.
வருகிற சொட்டு, அளவில்
கண்ணாடியில் விடுகிற சொட்டேதான்.
நிறம்தான் வேறு.

மீட்டர் ஐந்திலிருந்து
கீழே எண்ணத் தொடங்குகிறது.
குளிருக்குத் தலையில் கட்டிய துண்டை
எப்போது அவிழ்த்தேன் என்று தெரியவில்லை.
கையில் வைத்துக்கொண்டு
நிற்கிறேன்.