மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவே

மொந்தேவிதேயோ எனக்குக் கொடுத்த முதல் சாவி
வீட்டுச் சாவி அல்ல.
லிஃப்ட் கதவுகளைத் திறக்கும்
முக்கோணச் சாவி.

ஜூலை. குளிர் காது மடலைக் கிள்ளியது.
கடல் என்று நினைத்து
மரக்காய்போவில் இருக்கும் தங்கைக்கு
நான் படம் பிடித்து அனுப்பியது ஆறாம்.
அப்படியானால் அக்கரை எங்கே என்று கேட்டாள்.
விசாரித்துச் சொல்கிறேன் என்றேன்.
விசாரிக்க ஆளில்லை.

எல்லோரும் தெருத்தெருவாகப் பழகும் ஊரை
நான் செங்குத்தாகப் பழகினேன்.
எட்டாம் மாடியில் பூண்டு வதங்குவதும்
ஐந்தாம் மாடியில் ஒருத்தி
போனில் மட்டும் சிரிப்பதும்
கம்பிவடம் வழியே இறங்கி வரும்.
முகங்கள்தான் வருவதில்லை.

தார்தோ, என்னோடு வேலை செய்பவன்,
வெந்நீர்க் குடுவையை அக்குளில் இடுக்கியபடி
ஒற்றைக் கையால் ஏணி ஏறுவான்.
முதல் நாள் மாத்தே கலந்து நீட்டினான்.
வேப்பங்கொழுந்தை மென்றதுபோல் கசப்பு.
மரியாதைக்கு நன்றி என்றேன்.
அதற்குப் பிறகு மூன்று வாரம்
குவளை என்னைத் தாண்டியே போனது.
இங்கே நன்றி என்றால்
போதும், இனி வேண்டாம் என்று பொருளாம்.
இதை யாராவது
விமான நிலையத்தில் எழுதி வைத்திருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் என் ஜன்னலுக்குக் கீழே
பழைய செய்தித்தாள்களைக் கொளுத்தி
முரசுகளுக்குக் குளிர்காய்ச்சுவார்கள்.
தோல் சூடேறினால்தான் பேசுமாம்.
மூன்று வகை. பருத்ததன் பெயர் பியானோ.
(பியானோ எங்கே என்று நான் தேடியதை
நிபியா இன்றும் புதிதாய் வருபவர்களிடம் சொல்லிச் சிரிக்கிறாள்.)
மணிக்கட்டு சுளுக்கிய யமாந்தூவின் முரசை
ஒரு நாள் என் தோளில் மாட்டிவிட்டார்கள்.
சிக்கோ. ஆகச் சிறியது.
ஒரு கையில் குச்சி, மறு கை வெறுங்கை.
நான் முதல் அடியை ஓங்கி அடித்தேன்.
தெருவே திரும்பிப் பார்த்தது.
யாரும் எதுவும் சொல்லவில்லை. அதுதான் மோசம்.

செவ்வாய்க்கிழமை,
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்றில் பூட்டிய
ஒரு கிழட்டு லிஃப்டின் தலைமாட்டில்
கையெல்லாம் கிரீஸோடு உட்கார்ந்திருந்தேன்.
ரிலே தட்டிக்கொண்டிருந்தது.
ஒன்றுமில்லை, டக், டக், டக்.
ஒன்றுமில்லை, டக், டக், டக்.
எண்ணிப் பார்த்தேன்.
அந்த ஒன்றுமில்லைதான் முதல் அடி.
தார்தோ, தார்தோ என்று கத்தினேன்.
ஷாக் அடித்துவிட்டது என்று பதறி ஓடி வந்தான்.

இப்போது விரல்களில் பிளாஸ்திரி.
தார்தோ எனக்கு எண்ணூறு பெசோ பாக்கி.
வாடகை ஏறிவிட்டது.
அக்கரை எங்கே என்று இன்னும் தெரியவில்லை.
என் பெயர் யுலெய்சி.
இவர்கள் நாக்கில் அது ஷுலெய்சி.
ஓராண்டு திருத்தினேன்,
பிறகு திருத்தாமல் விட்டேன்,
பிறகு வங்கியில் நானே ஒரு முறை
ஷுலெய்சி என்று சொல்லிவிட்டேன்.

போன ஞாயிறு ஊர்வலம் கிளம்பும் நேரம்.
நிபியாவும் அவள் பியானோவும்
மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவே
மாட்டிக்கொண்டார்கள்.
கீழே நெருப்பு அணைந்துகொண்டிருக்கிறது.
லிஃப்ட் குழிக்குள்ளிருந்து
அத்தனை பேரும் ஒரே குரலில்
ஷுலெய்சீ!
சோப்பு நுரையோடு ஓடினேன்.
முக்கோணச் சாவி திரும்பியது.
முதலில் முரசை வெளியே தள்ளினாள்,
பிறகு ஒரு செருப்பை,
பிறகு தன்னை.

எல்லோரும் படியில் தடதடவென்று இறங்கினோம்.
யாரோ என் கையில் குவளையைத் திணித்தார்கள்.
உறிஞ்சிவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.
நான் நன்றி சொல்லவில்லை.
அவர்களும்.