நாலு எரிந்தது

கடைசி நிறுத்தத்தில் பதினோரு நிமிடம் நிற்பேன்.
அதுதான் என் பள்ளிக்கூடம்.
ஸ்டியரிங் மேல் மடிக்கணினியைச் சாய்த்து,
கையுறையில் ஒரே ஒரு விரலை வெட்டியெறிந்துவிட்டு
ரியாக்ட் படிக்கிறேன்.

ரூசே நகரத்து டிராலிபஸ் என்னுடையது.
கூரையில் இரண்டு கொம்பு, மேலே இரண்டு கம்பி.
திருப்பத்தில் கொம்பு நழுவினால்
விளக்கெல்லாம் அவிந்து வண்டி அப்படியே நிற்கும்.
இறங்கிப் பின்னால் போவேன், கயிற்றை இழுத்து
அண்ணாந்து பார்த்து மறுபடி மாட்டுவேன்.
பதினாறு வருடம், பனியிலும்
டான்யூப்பிலிருந்து ஏறிவரும் மூடுபனியிலும்.
எங்கே விட்டுப்போனது என்று என் கண்ணுக்குத் தெரியும்.
இதில் தெரியவில்லை.

காணொளிப் பையனுக்கு இருபத்திரண்டு வயதிருக்கும்.
அவன் முதுகுக்குப் பின்னால் ஒரு செடி,
வேளாவேளைக்குத் தண்ணீர் குடித்த செடி.
"ரொம்பச் சுலபம்" என்று
தலையை மேலும் கீழும் அசைக்கிறான்.
எங்கள் ஊரில் அப்படி அசைத்தால் இல்லை என்று அர்த்தம்.
வாயை விட்டுவிட்டுத் தலையை நம்பினேன்.

என் முதல் செயலி: ஒரு பொத்தான், ஓர் எண்.
ஏறுகிறவர்களை எண்ணத்தான், வேறு பேராசை இல்லை.
அதற்கே முப்பதாயிரம் கோப்புகள் இறங்கின.
ஒற்றைப் பயணிக்கு
ஊர் முழுக்கச் சீட்டுக் கிழித்த மாதிரி.

எண்ணுக்கு 'ஓப்ஷ்தோ' என்று பெயர் வைத்தேன்.
எங்கள் மொழியில் மொத்தம்.
ஆங்கில எழுத்தில்தான் அடித்தேன், சத்தியமாக.
பொத்தானை அழுத்தினேன். சிவப்பில் ஒரு வரி வந்தது:
அப்படி ஒரு பெயரே இங்கு இல்லையாம்.

இல்லையா?
மூன்றாவது வரியில் நான் பெற்றேன்,
ஒன்பதாவது வரியில் நானே கூப்பிடுகிறேன்,
அப்படி யாரும் இல்லை என்கிறது வீடு.

மூன்று இரவு.
கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினேன்.
அடைப்புக்குறிகளை எண்ணினேன், காற்புள்ளிகளைத் தடவினேன்.
பணிமனை எலெக்ட்ரீஷியன் பிளாமென் எட்டிப் பார்த்து,
"ருமியானா, கரண்ட் வருகிறதா பார்" என்றான்.
அவனுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

நான்காம் இரவு. பின்சீட்டில் ஒருவர்
வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார்.
களைப்பில் என் விரல் அந்தப் பெயர்மேல் இரண்டு தட்டுத் தட்டியது.
அதே பெயர் எங்கெல்லாம் இருக்கிறதோ
அங்கெல்லாம் மஞ்சள் வெளிச்சம்.
ஐந்து இடம். நாலு எரிந்தது.
ஒன்பதாவது வரி இருட்டு.

அந்த முதல் எழுத்து! வெறும் வட்டம்.
ஆங்கிலத்திலும் வட்டம், எங்கள் சிரிலிக்கிலும் அதே வட்டம்;
ஒருதாய்ப் பிள்ளைபோல் இருக்கும், ஒட்டும் இல்லை உறவும் இல்லை.
வீட்டுக்கு 'பாலாடைக்கட்டி வாங்கு' என்று
செய்தி அனுப்பிய கையோடு
விசைப்பலகையை மாற்றாமல் அடித்திருக்கிறேன்.
அடுத்த எழுத்து எங்கள் மொழியில் விழுந்ததும் துடைத்தேன்,
மாற்றினேன், மீதியை அடித்தேன்.
வட்டம் வட்டமாகத்தானே இருந்தது,
அதை யார் துடைப்பார்கள்?

அழித்து, அதே மாதிரி இன்னொன்றை வைத்தேன்.
பார்க்க ஒன்றுமே மாறவில்லை.
சிவப்பு போய்விட்டது.

தூங்குகிறவர் எழுந்துகொள்ளும்படி கத்தினேன்,
பொத்தானை அழுத்தினேன்.
திரையில் பூஜ்ஜியம்.
மறுபடி அழுத்தினேன். பூஜ்ஜியம்.
அடியில், பதிவு ஓடும் கறுப்புப் பட்டையில்,
ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒழுங்காக ஏறுகிறது.
திரைக்கு மட்டும் காது கேட்கவில்லை.

சிரித்துவிட்டேன்.
கரண்ட் இருக்கிறது, வண்டி இருக்கிறது,
கொம்பு கம்பியைத் தொடவில்லை.
இந்த நோய் எனக்குத் தெரியும்.
எந்தக் கயிற்றை இழுப்பது என்றுதான் தெரியாது.

பதினோரு நிமிடம் முடிந்தது.
எழுந்தவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு
"ஸ்டேஷனுக்குப் போகுமா?" என்று கேட்டார்.
மடிக்கணினியை மூடிவிட்டு
தலையை இடமும் வலமுமாக ஆட்டினேன்:
போகும்.