முதுகுப் பக்கம்

என் முகம் அந்தப் படத்தில் இல்லை.
முதுகு இருக்கிறது.
கடைசியில், குன்றேறிப் போகும் சிவப்புத் தலைமுடி,
காற்றில் புடைத்த நீலப் பாவாடை:
அது நான்.
நான்கு நொடி. எண்ணிப் பார்த்திருக்கிறேன்.

என் முடி கறுப்பு.
எங்கள் கடலோரத்தில் பாதிப் பேருக்குக் கறுப்புதான்.
கலிஃபோர்னியாவிலிருந்து வந்தவர்களுக்கு
அது போதவில்லை.
பெட்டியிலிருந்து ஒரு டோப்பாவை எடுத்து
இருபத்திரண்டு ஊசி குத்தி
என்னை அயர்லாந்துக்காரி ஆக்கினார்கள்.
நாளுக்கு முப்பது ஷில்லிங்.
பாதிரியாரும் வாயைத் திறக்கவில்லை.

அந்தக் கோடையில்தான் எங்களுக்கு மின்சாரம்.
கம்பங்கள் பாலம் வரைக்கும் வந்துவிட்டிருந்தன.
யார் யாரிடம் பேசினார்களோ,
ஆறு வாரம் அவை புல்லில் படுத்துக் கிடந்தன,
காதலுக்குக் குறுக்கே கம்பி தெரியக்கூடாதென்று.
ராத்திரியில் அவர்களுடைய ஜெனரேட்டர் உறுமும்.
தேவாலயச் சுவரின் பாசி
பட்டப்பகல் பச்சையில் எரியும்.
நாங்கள் மண்ணெண்ணெய் விளக்கின் திரியை
இறக்கி வைத்துவிட்டுப் பார்ப்போம்.

மழை.
எங்களிடம் வேறென்ன விளைகிறது?
பதினோரு நாள் விடாமல் பெய்தது.
கேமராவுக்கு அது தெரியவில்லையாம்.
பன்னிரண்டாம் நாள் வெயில் வந்ததும்
தீயணைப்பு வண்டியைக் கூப்பிட்டு
பால்பண்ணையில் நாற்பது கேன் வாங்கி
தண்ணீரில் கலந்து
வெள்ளை மழை பெய்யவிட்டார்கள்.
பார்ட்லி கெனியின் பசு
நனைந்த புல்லை முகர்ந்து பார்த்துவிட்டு
வெகுநேரம் வண்டியையே பார்த்துக்கொண்டு நின்றது.
அதைப் படமெடுக்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

அந்தப் பால்மழையில் முத்தம்.
அவருக்குச் சளி. அந்த அம்மாளுக்குக் குமட்டல்.
ஒவ்வொரு 'கட்'டுக்கும் பிறகு
ஆளுக்கொரு திசையில் போய் உட்கார்ந்தார்கள்,
மாட்டுச் சந்தையில் விலை படியாத இருவர் மாதிரி.
பதினேழாம் முறை படிந்தது.

நாயகனின் முதுகுக்கு ஃபெஸ்டஸ் மலோய்.
தோளகலம் ஒத்துப் போனது.
அவன் அண்ணன்தான்
என் அக்கா ஹானரைத் தேவாலய வாசலில் நிற்க வைத்துவிட்டு
லண்டனுக்கு ரயிலேறியவன்.
மூன்று வருஷமாக இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை.
"கையைக் கோத்துக்கொள்ளுங்கள்" என்றது ஒலிபெருக்கி.
"சத்தம் பதிவாகாது.
எதையாவது பேசிக்கொண்டே நடங்கள்."

பேசினேன்.
எங்கள் ஐரிஷில் வசவுக்குப் பஞ்சமில்லை.
அடிவாரத்திலிருந்து உச்சிவரை
அவன் அண்ணனை, அப்பனை, அவர்கள் கழுதையை,
மூன்று வருஷத்துப் பாக்கி ஒன்று விடாமல்.
கரிமண் வெட்டிக் காய்த்த அவன் கை
என் கைக்குள் அசையாமல் கிடந்தது.

"மறுபடியும்."
மறுபடியும் திட்டினேன்.
"மேகம் மறைத்துவிட்டது. மறுபடியும்."
நான்காம் முறை, பாதி ஏற்றத்தில் அவன் சொன்னான்:
"எங்களுக்கும்தான் அவன் கடிதம் போடுவதில்லை.
அம்மா தபால்காரனின் மணி கேட்டால்
அடுப்படிக்குள் போய்விடுகிறாள்."
ஐந்தாம் முறை ஏறும்போது
என்னிடம் வசவு தீர்ந்திருந்தது.
ஆறாவதில் டோப்பா காற்றில் கழன்று
வேலிமுள்ளில் தொங்கியது;
இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.
ஏழாவதில் ஒன்றுமே பேசவில்லை.
வெளிச்சம் போய்விட்டது, இன்றைக்குப் போதும் என்றார்கள்.
கையை விட இரண்டு பேருமே மறந்திருந்தோம்.

அவர்கள் போன மறுவாரம் கம்பம் நட்டார்கள்.
ஜனவரியில் ஃபெஸ்டஸ் லிவர்பூலுக்குக் கப்பலேறினான்.
போகுமுன் எங்கள் படலோரம் நின்று
தொப்பியைக் கையில் உருட்டிக்கொண்டே
படம் எப்போது வரும் என்று கேட்டான்.
தெரியாது என்றேன்.
வேறு ஏதாவது கேட்டிருக்கலாம். அவனும், நானும்.

கால்வேயில் அக்காவோடுதான் பார்த்தேன்.
அந்த இடத்தில் வயலின்கள் எழ,
கொட்டகை முழுக்க மூக்குறிஞ்சும் சத்தம்.
அக்கா என் காதருகே வந்து,
"அங்கே அவனிடம் என்னடி சொல்லிக்கொண்டு போனாய்?"

ஏழு முறை ஏறினோம்.
வசவு ஏறியதையா,
வாய் மூடி ஏறியதையா,
எதை வைத்துக்கொண்டார்கள் என்று
முதுகைப் பார்த்து எனக்கே சொல்லத் தெரியவில்லை.

மறுநாள் தனியாகப் போய் இன்னொரு டிக்கெட் வாங்கினேன்.